கொத்தாமல் விட்ட தூண்

மகனே, இந்தக் கடிதத்தை நான் கண்டித் தபால் கந்தோரில் போடவில்லை. அங்கே முத்திரை குத்துகிறவர்களில் பாதிப் பேர் உன் அப்பாவோடு வேலை செய்தவர்கள். உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால், "அண்ணே, வீட்டிலிருந்து கட்டாருக்குக் கடிதம் போகுதே, என்ன விசேஷம்?" என்று அன்றைக்கே அவரிடம் கேட்டுவிடுவார்கள். அதனால் ஓட்டோ பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் அங்கே போடப்போகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்துக் கதிரையில் பத்திரிகை படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். குரல் பதிவு அனுப்பலாம் என்றால், நீ அனுப்பும் பதில்களின் பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்கிறது. சமையலறையில் வைத்துத்தான் என் குரலையும் கேட்கிறாய் என்று அர்த்தம். உன் மனைவி நல்ல பிள்ளை. இருந்தாலும் இதை முதலில் நீ மட்டும் படிக்கவேண்டும்.

மழையால் மேல் சிலாப்புக்குக் கொங்கிரீட் கொட்டுவது தள்ளிப்போகிறது என்று அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார். மழை உண்மைதான், கண்டியில் மழை எப்போது இல்லாமல் இருந்தது? ஆனால் வேலை நின்றது மழையால் அல்ல, என்னால். நான்தான் நிறுத்தினேன். ஏன் என்பதை ஒரே மூச்சில் சொன்னால் நீ கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் எடுப்பாய். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மேலே ஒரு தட்டுக் கட்டி, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களோடு இருக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நான் வெளியே காட்டவில்லை. ஏன் இந்த அவசரம், வேலை ஏதும் போய்விட்டதா என்றுதான் கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. அது கிடக்கட்டும். நம் வீடு சரிவில் நிற்கிற வீடு. ரோட்டுப் பக்கம் பார்த்தால் ஒரு தட்டு, பள்ளத்துப் பக்கம் பார்த்தால் இரண்டு. கட்டியபோது கையில் இருந்ததற்கு ஏற்ற மெலிந்த தூண்கள்தான் வைத்தோம். குண்டசாலையிலிருந்து வந்த அந்த இஞ்ஜினியர் பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தத் தூண்கள் இன்னொரு தட்டைத் தாங்காது, முதலில் இவற்றுக்கு வெளியே ஒரு கொங்கிரீட் சட்டை போடவேண்டும் என்று சொன்னாள். தூணின் நாலு பக்கத்தையும் உள்ளே கல் தெரியும்வரை உளியால் கொத்தி, தூசு போகக் கழுவி, அத்திவாரத்திலிருந்து மேல் சிலாப்பைத் துளைத்துக்கொண்டு போகும்படி புதுக் கம்பி கட்டி, வளையம் போட்டு, பலகை அடித்துப் புதுக் கொங்கிரீட் கொட்டுவது. "கொத்தாம அப்படியே மேல கொட்டினா என்ன ஆகும் மகள்?" என்று நான் கேட்டேன். "ஒட்டாது அம்மா. பழசு தனியா நிக்கும், புதுசு தனியா நிக்கும். பார்க்க மட்டும் தடிச்ச தூணா இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. பல்லேகலயில் கார்மெண்ட்ஸில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். தைத்து வந்த உடுப்பை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையலை இழுத்துப் பார்க்கிற வேலை. இரண்டு துணியில் ஒன்றை நூல் பிடித்திருக்கும், மற்றதைப் பிடித்திருக்காது. மேலே பார்த்தால் நேர்க்கோடு போட்டதுபோல் அழகாக இருக்கும், இரண்டு தரம் துவைத்தால் வாயைப் பிளந்துவிடும். அழகாகத் தைத்ததைத்தான் நான் கூடுதலாக இழுத்துப் பார்ப்பேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பையைக் கொட்டிப் பார்த்தது, உன் சிநேகிதப் பிள்ளைகளிடம் உன்னைப் பற்றித் தனியாக விசாரித்தது எல்லாம் அந்த வேலையிலிருந்து வந்த பழக்கம் என்று நீ சொல்வாய். இல்லை. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது.

ஆகவே நவ்ஷாத் இந்தக் கட்டட வேலையைக் கொந்தராத்து எடுத்த நாளிலிருந்து நான் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் வரும்போதெல்லாம் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, "அம்மா, சுகமா இரிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. கொந்தராத்துக்காரன் இவ்வளவு மரியாதையாக இருந்தால் எங்கேயோ கம்பி குறைகிறது என்று நினைத்தேன். சீமெந்து மூட்டையை அவிழ்க்கும்போது எழுந்து போய்க் கையை விட்டுக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். வளையங்கள் நெருக்கமாக இருக்கிறதா என்று சாணால் அளந்தேன். தலைமை மேசன், எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிற அந்தச் சிங்களவர், நான் வருவதைக் கண்டால் பையன்களுக்குக் கண்ணைக் காட்டுவார். நவ்ஷாத் மட்டும் கோபப்படவில்லை. "நீங்க பாத்துக்கிட்டு இரிந்தா எங்களுக்கும் நல்லதுதான் அம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சம் நம்பியிருப்பேன்.

ஒவ்வொரு தூணாக நடந்தது. கொத்துகிற சத்தத்தில் பேச முடியவில்லை, சாப்பாட்டில் தூசு, அலுமாரிக்குள் தூசு. கடைசியாக மிஞ்சியது சாமித் தூண். நடுவில் நிற்கிற அந்தத் தூண்தான் ஆகக் கூடுதலான பாரத்தைச் சுமக்கிறது, அதைத்தான் ஆகக் கவனமாகச் செய்யவேண்டும் என்று இஞ்ஜினியர் பிள்ளை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். உன் அப்பாவுக்கு அது தூண் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மழையில் மேட்டுச் சரிவு இறங்கி நம் பின்சுவர்வரை சேறு வந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் மூன்று பேரும் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீடு தப்பியது. அடுத்த வெள்ளிக்கிழமையே உன் அப்பா அதில் முருகன் படத்தை மாட்டி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து விளக்கேற்றினார். இந்தத் தூண்தான் நம்மைக் காப்பாற்றியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் சொல்கிறார். மேல்வீட்டு மதில் சேற்றில் பாதியைத் தடுத்ததால்தான் நாம் தப்பினோம் என்று நான் அப்போதே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இத்தனை வருஷமாக எண்ணெய்ப் புகையும் எண்ணெய்க் கையும் பட்டு அந்தத் தூணே கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கண் ஆப்பரேஷன் வந்தது. தூசு படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கம்பளையில் உன் சித்தி வீட்டில் போய் இருந்தேன். போகும்போது, நான் வந்த பிறகு சாமித் தூணைத் தொடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வேலை முடிந்து, பலகை கழற்றி, பூச்சும் பூசி, முருகன் படம் பழையபடி மாட்டியிருக்கிறது. உன் அப்பா எனக்கு முன்னால் ஓடி வந்து பையை வாங்கினார். கலியாணமான நாள் தொட்டு அவர் என் பையை வாங்கியதில்லை. "பார்த்தியாம்மா, எவ்வளவு வடிவா முடிச்சிருக்காங்க!" என்றார். நான் ஆப்பரேஷன் செய்த கண்ணோடு வந்திருக்கிறேன் என்பதை அந்த மனிதர் மறந்துவிட்டார். நான் தூணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். மற்றத் தூண்களைக் கொத்தும்போது கொங்கிரீட் துண்டுகள் தெறித்து விழுந்து, சுற்றியிருந்த சிவப்புத் தரையெல்லாம் அம்மைத் தழும்புபோல் புள்ளி விழுந்துவிட்டது. அதற்காக நவ்ஷாத்தோடு சண்டையும் பிடித்திருந்தேன். சாமித் தூணைச் சுற்றி, கம்பிக்காக அத்திவாரம்வரை தோண்டி மூடிய இடத்தைத் தவிர, மிச்சத் தரை நான் மினுக்கிவிட்டுப் போனபடியே கிடந்தது.

தேநீர் குடித்தேன். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன். முதலில் உன் அப்பாவிடம், "கொத்தினப்ப உள்ள பழைய கம்பி எப்படிங்க இருந்திச்சி?" என்றேன். "துருவே இல்லம்மா, புதுசு மாதிரி இருந்திச்சி" என்றார். அடுத்த நாள் நவ்ஷாத்திடம் அதையே கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, "கொஞ்சம் துரு இரிந்திச்சி அம்மா, தேய்ச்சி எடுத்துட்டோம்" என்றார். பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்த பாஸிடம் போனேன். பாஸுக்கு யாரும் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. "கம்பி பார்க்கவே இல்லே அம்மே. வீட்டு மாத்தயா கொத்த வேணாம் சொன்னது. சாமி இருக்கிற எடம்னு சொன்னது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நவ்ஷாத்தை அங்கேயே கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, ஐயா வந்து என்ட கையப் புடிச்சிக் கேட்டாரு. அந்த எடத்துல நான் எப்படி ஏலாதுன்னு சொல்றது? நான் முஸ்லிம் ஆள். 'ஐயா, ஒங்கட சாமி தூண நாங்க கொத்தத்தான் வேணும்'னு நான் நின்டா, நாளைக்கி இந்த ரோட்டுல என்ன கதைப்பாங்க? வீட்டுல ஆருக்காச்சும் மேலுக்கு ஏலாம காய்ச்சல் வந்தாலும் அது என்ட தலையிலதானே வரும்?" என்றார். இஞ்ஜினியர் வருவதற்கு முன்பே கம்பியைக் கட்டிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பலகையால் மூடியிருக்கிறார்கள். படத்தில் கம்பி எல்லாம் சரியாக இருந்ததாம். பின்னால் தூண் கறுப்பாக இருந்ததை நிழல் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். களவு எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மூட்டை சீமெந்தும் குறையவில்லை, ஒரு கம்பியும் குறையவில்லை. ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே இரண்டு பேரும் சேர்ந்து என் பேத்தியின் காலுக்குக் கீழே ஒரு பொய்த் தூணை நிறுத்திவிட்டார்கள்.

நான் இஞ்ஜினியர் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். அவள் வந்து சுற்றிலும் இரும்பு முட்டுக் கொடுத்து, போட்டதை உடைத்து எடுக்கவேண்டும், மேல் வேலை எல்லாம் நிற்கட்டும் என்றாள். உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் என்னோடு பேசவில்லை. "அந்தத் தூண் இல்லாட்டி நீயும் இல்ல, நானும் இல்ல, அவனும் இல்ல. நன்றி இல்லாம அதுல உளிய வைக்கச் சொல்றியா?" என்றுதான் கடைசியில் கேட்டார். நானும் கத்தினேன். "தூணுக்கு நன்றி சொல்ல நம்ம பேத்தியைத்தான் மேல ஏத்தணுமா?" என்றேன். அவர் எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார். ஐயரிடம் கேட்டிருக்கிறார் போல. ஐயர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. திரும்பி வந்து படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, என் தையல் மெஷினுக்கு மேலே வைத்துவிட்டு, "கூப்பிடு அவங்கள" என்றார்.

வந்தவர்கள் எல்லோரும் தூணைச் சுற்றி நின்றார்கள். யாரும் கை வைக்கவில்லை. பாஸ் நவ்ஷாத்தைப் பார்த்தார், நவ்ஷாத் அப்பாவைப் பார்த்தார். அப்பாதான் போய் பாஸின் கையிலிருந்த சுத்தியலை வாங்கி முதல் அடியைப் போட்டார். அவர் பலமாக அடிக்கமாட்டார், சும்மா சாங்கியத்துக்குத் தட்டுவார் என்று நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பலமாகத்தான் அடித்தார். பிறகு பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். மூலை உடைந்து, வளையத்தை வெட்டியதும், புதுக் கொங்கிரீட் ஒரு பக்கம் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. பாஸ் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே பழைய தூண் கொஞ்சமும் மாறாமல் எண்ணெய் மினுக்கத்தோடு இருந்தது. மஞ்சள் பூசியிருந்த இடம் மட்டும் சீமெந்துத் தண்ணீர் பட்டு ஆரத்தித் தண்ணீர்போல் சிவந்திருந்தது. அப்பா வைத்த விரல் அடையாளங்கள்கூட அப்படியே தெரிந்தன. பிய்ந்து வந்த துண்டின் உள்பக்கத்திலும் அதே விரல்கள் பதிந்திருந்தன. ஒரு பொட்டு இடத்தில்கூட ஒட்டவில்லை.

உன் அப்பா அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை மேல தவழ்ந்திருக்கும்மா" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளும் அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. அப்போதுதான் அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி. அதுனாலதான் மகன்கிட்டப் போன்ல கேட்டேன். 'உங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரி செய்ங்கப்பா, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அம்மா பெரிசாக்கிடுவாங்க'ன்னு சொன்னான்."

மகனே, நான் நவ்ஷாத்தைச் சந்தேகப்பட்டேன். பாஸைச் சந்தேகப்பட்டேன். சீமெந்து மூட்டையைச் சந்தேகப்பட்டேன். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதரையே சந்தேகப்பட்டேன். உன்னை நான் சந்தேகப்படவில்லை. உன் பிள்ளை இருக்கப்போகிற வீடு, நீ எப்படி விட்டுக்கொடுப்பாய் என்று நினைத்தேன். அப்பாவின் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னாய், தெரியும். நீ நல்லவன். நல்லவர்கள் செய்கிற இந்த மாதிரி வேலையைக் கண்டுபிடிப்பதுதான் ஆகக் கஷ்டம். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், இழுத்துப் பார்க்கவும் நமக்கு மனம் வராது. நாளைக்கு உன் மகள் வளர்ந்து ஏதாவது கேட்டு நிற்பாள். அவள் முகம் வாடக்கூடாது என்று தலையை ஆட்டிவிடாதே. கொஞ்சம் ஏசு, கொஞ்சம் அழட்டும். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசு.

நான் இப்படி இருப்பதால்தான் நீங்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுப் பேசிக்கொள்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் உண்மையைச் சொன்னால் விசாரணை, சொல்லாவிட்டால் நிம்மதி. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து உன் பையைக் கொட்டிப் பார்த்த இந்தக் கை, உனக்கு எதையும் மறைக்காமல் சொல்லப் பழக்கவில்லை. அதை மாற்ற எனக்கு வயது போய்விட்டது என்று சொல்லித் தப்ப மாட்டேன். முயற்சி செய்கிறேன். நீயும் செய்.

இப்போது தூணைக் கல் தெரியும்வரை கொத்தி, எண்ணெய் ஊறிய இடமெல்லாம் எடுத்து, கழுவிவிட்டார்கள். இஞ்ஜினியர் பிள்ளை இந்த முறை தன் கையாலேயே தடவிப் பார்த்துவிட்டுத்தான் கம்பி கட்டச் சொன்னாள். கொட்டிய பிறகு அது நன்றாக இறுகி, அவள் சரி என்று சொல்லும்வரை மேலே ஒரு வாளிக் கொங்கிரீட்கூட ஏறாது. அதனால் நீ போட்டிருக்கிற திகதிக்கு வரமுடியாது, டிக்கெட்டை மாற்று. உன் மனைவியிடம் காரணத்தை மறைக்காமல் சொல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறப்போகிறவள் அவள். மாற்றிய உடனே போன் எடு. அப்பாவுக்கு எடுக்கும் முன் எனக்கு எடு.